நெத்திலி விழுங்கிய மாத்திரை

ஜூலை 3, வியாழன்

சங்கரி இன்று கொச்சியில் கப்பலேறிவிட்டாள். மீன்வள ஆராய்ச்சிக் கப்பல். ஆழ்கடலில் வலை இறக்கி என்னென்ன மீன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வேலை. திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கரையை விட்டுத் தள்ளிப் போனால் போன் கிடைக்காது.

"அம்மாவப் பத்தியும் நெத்திலியப் பத்தியும் தினமும் ரெண்டு வரி எழுதி வைங்க. வந்து படிச்சுக்கிடுதேன்" என்று இந்த டைரியைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. துறைமுகத்தில் சரக்கு ஏஜென்சியில் வேலை. அங்கே எழுதுவதெல்லாம் பெட்டி எண்ணும் எடையும்தான்.

அம்மா என்றால் என் மாமியார் பகவதியம்மாள். மே மாதம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து அம்பாசமுத்திரத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு தூத்துக்குடியில் இருக்கிறார். நெத்திலி என்றால் நாய். மீன்பிடித் துறைமுகத்தில் வலைக்குவியல் பக்கத்தில் கிடந்த குட்டியைச் சங்கரி தூக்கிவந்தாள். அப்போது எலும்பும் தோலுமாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது பெயர் பொருந்தவில்லை.

அத்தை: காலை இட்லி, மதியம் சோறு, புடலங்காய்க் கூட்டு. மாத்திரை போட்டாயிற்று. நெத்திலி: சோறும் மீன் தலையும்.

ஜூலை 5, சனி

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நானும் அத்தையும் மட்டும் ஒரு வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. சங்கரி இருக்கும்போது எல்லாப் பேச்சும் அவள் வழியாகவே போய்விடும். இப்போது நான் கூடத்தில் இருந்தால் அத்தை சமையலறையில் இருக்கிறார். நான் சமையலறைப் பக்கம் போனால் அவர் அறைக்குப் போய்விடுகிறார். இன்று மதியம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்றார். நான் ஃபிரிட்ஜைப் பார்த்து, "சரி" என்றேன்.

கோபம் ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. மருமகன் என்றால் எட்ட நின்று கொடுக்கிற மரியாதை.

அத்தைக்கு நாய் ஆகாது. நெத்திலி எதிரே வந்தால் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிறார். "நாய்க்கு வீட்டுக்குள்ள என்ன சோலி" என்று இன்றும் சொன்னார். கடிகாரத்திடம்தான்.

ஜூலை 8, செவ்வாய்

அத்தைக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. நெத்திலியும் நலம். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

வாழைப்பழம் சீக்கிரம் தீர்கிறது. நான் சாப்பிடுவதில்லை. அத்தைக்குச் சர்க்கரை இல்லை, சாப்பிடட்டும். கேட்பது மரியாதையாக இருக்காது என்று இன்று பெரிய சீப்பாக வாங்கி வந்தேன்.

நெத்திலி முன்பெல்லாம் சாயங்காலம் கேட்டில் வந்து நிற்கும். இந்த வாரம் வரவில்லை. எங்கே என்று தேடினால் அத்தை அறைப் பக்கமிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிறது. அந்தப் பக்கம் காற்று நன்றாக வரும்.

ஜூலை 14, திங்கள்

அத்தைக்கு இரண்டு குரல் இருப்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

வீட்டு போனுக்குத் தப்பான அழைப்பு ஒன்று. அந்தப் பக்கம் வயதான ஒருவர். மதுரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிற மகளோடு பேச வேண்டும் என்று வேறு யாருடைய நம்பரையோ அழுத்தியிருக்கிறார். நானாக இருந்தால் "ராங் நம்பர்" என்று வைத்திருப்பேன். அத்தை வைக்கவில்லை. "ஐயா, பதட்டப்படாதீங்க. கையில இருக்க சீட்டுல என்ன எழுதியிருக்கு, மெதுவா வாசிங்க. ஏழா, ஒண்ணா? கொக்கி மாதிரி இருக்கா, கம்பு மாதிரி இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, அவர் படித்ததில் தப்பு எங்கே என்று கண்டுபிடித்து, சரியான நம்பரை அவரையே இரண்டு முறை சொல்லவைத்துவிட்டு வைத்தார். அவசரமும் இல்லை, இழுவையும் இல்லை. இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு குரல்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சங்கரி சொல்லியிருக்கிறாள். காதில் விழுந்ததே தவிர, அது என்ன வேலை என்று நான் யோசித்ததில்லை.

ஜூலை 17, வியாழன்

"ஆவணி பொறந்ததும் ஊருக்குப் போவணும். வீடு பூட்டியே கிடக்கு" என்று அத்தை சொன்னார். நான் "சரி" என்றேன். வேறென்ன சொல்வது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட்டாஞ்சோறு. நன்றாக இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

நெத்திலிக்கு மூச்சு இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 21, திங்கள்

இன்று லீவு. டாக்டர் பெனிட்டாவின் கால்நடைக் கிளினிக் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நெத்திலி உள்ளே படுத்திருக்கிறது. சங்கரி, இதை நீ படிக்கும்போது முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் தெரியாது.

நேற்றுக் காலை வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை வெளியே வந்தார். நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"மருமகனே, உள்ள வாங்க. நெத்திலி என் மாத்திரயத் தின்னுட்டு."

கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். அத்தை அறையில், கட்டிலுக்குக் கீழே வெள்ளித்தாள் துணுக்குகளாகக் கிடந்தது. மாத்திரை அட்டை கடித்துக் குதறப்பட்டிருந்தது. நெத்திலி பாயில் உட்கார்ந்து என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

"நல்லாத்தான அத்தை இருக்கு?"

"இப்ப நல்லாத்தான் இருக்கும். இது நெஞ்சுத் துடிப்பக் கொறைக்கிற மாத்திர. அதுலயும் நாள் பூரா மெதுவா கரையுற ரகம். எனக்குக் குடுக்கும்போதே டாக்டர் சொன்னாங்க. மெதுவா கரையும்னா மெதுவாத்தான் கொல்லும். வாலாட்டுதுன்னு பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து துணுக்குகளைப் பொறுக்கி, அட்டையின் குழிகளோடு பொருத்திப் பார்த்தார். "புது அட்ட, பத்து இருந்துச்சு. நேத்து ஒண்ணுதான் எடுத்தேன். ரெண்டு தரையில கிடக்கு. பாக்கி ஏழும் வயித்துக்குள்ளன்னு வச்சுக்கிடணும். கொறச்சு நெனைக்கக் கூடாது." எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். பிறகு போனை எடுத்தார்.

அதற்குள் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஜெபராஜ் அண்ணாச்சி வந்துவிட்டார். உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறவர். "உப்பக் கரைச்சு ஊத்துங்க தம்பி. அத்தனையும் கக்கிரும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சும்மா நிற்பதைவிட எதையாவது செய்வது மேல். சமையலறைக்குப் போய்க் கைநிறைய உப்பை அள்ளிச் செம்பில் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி நெத்திலியின் வாயைப் பிளக்கக் குனிந்தார்.

அத்தை ஒரு சொடக்குப் போட்டார். போன் காதில் இருக்க, மற்ற கையை உயர்த்தி, நில் என்று காட்டினார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, "தெரிஞ்சவங்க ஒருத்தரும் இன்னும் சொல்லல. சொல்லாம வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க" என்றார். அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார். என்னைவிட அவருக்குப் பத்து வயது மூப்பு. ஆனால் அந்தக் குரலுக்கு அவரும் நின்றார்.

கிளினிக்கில் எடுத்தது கம்பவுண்டர். டாக்டரம்மா கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போயிருக்கிறார், ஆராதனை முடிய நேரமாகும், செல்போன் அணைத்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அதோடு எனக்கு வழி அடைத்துவிட்டது. அத்தைக்கு அடைக்கவில்லை.

"தம்பி, போன வச்சிராதீங்க. கிளினிக்ல சபைக் காலண்டர் மாட்டியிருப்பாங்களே, இருக்கா? அதுல கீழ, ஆலய ஆபீஸ் நம்பர் போட்டிருக்கும். அத வாசிங்க... சரி. நான் திருப்பிச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க... நல்லது. நீங்க கதவத் தொறந்து வைங்க. நாங்க வாரோம்."

அடுத்து ஆலயத்துக்கு. வெகுநேரம் மணி அடித்தது. கடைசியில் கோயில்குட்டியார், ஆலயத்தில் மணியடிக்கிறவர், எடுத்தார். அத்தை பேசியதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

"ஐயா, ஆராதன நடக்குன்னு தெரியும், மன்னிச்சுக்கோங்க. உள்ள டாக்டர் பெனிட்டா இருப்பாங்க. சத்தம் போட வேண்டாம். பக்கத்துல போயி காதுல மட்டும், ஒரு உயிர் காரியமா போன் வந்திருக்குன்னு சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் ஏதோ கேட்டார்.

"எங்க வீட்டுப் பிள்ளைக்குத்தான் ஐயா" என்றார் அத்தை.

பொய் என்று சொல்ல முடியாது.

டாக்டர் வந்து எடுத்ததும் அத்தை ஸ்பீக்கரில் போட்டார். டாக்டர் கேட்க, அத்தை சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில். ஐயோ அம்மா ஒன்றும் கிடையாது. மாத்திரையின் பெயரை டாக்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆலயத்துக்குள்ளே பாட்டு. அத்தை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்: "மெட்ராஸ் எம். எர்ணாகுளம் இ. திருச்சி டி. ஊட்டி ஓ..." மெட்டோப்ரோலால் என்று முடிந்தது. பிறகு எத்தனை மில்லிகிராம், அதிகபட்சம் எத்தனை மாத்திரை, எப்போது தின்றிருக்கும், நாயின் எடை. எடை மட்டும் அத்தைக்குத் தெரியவில்லை. என் பக்கம் பார்த்தார். "போன தடவ ஊசிக்குப் போனப்ப பதினாலு கிலோ" என்றேன். நேற்று நான் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

"இப்ப முழிச்சிருக்கா, நடக்குதா?" என்றார் டாக்டர்.

"முழிச்சிருக்கு. நடக்கு. வாந்தி எடுக்கல."

"நல்லது. வாயில எதுவும் குடுக்காதீங்க. உப்பு, பாலு, எண்ணெய், மோரு ஒண்ணும் கூடாது. உப்புத் தண்ணி உள்ள போச்சுன்னா அதுவே தனி விஷம். வாந்தி எடுக்க வைக்கலாமா கூடாதான்னு நான் பாத்துத்தான் சொல்லணும். அட்டைய எடுத்துட்டு வாங்க. நடக்க விடாம தூக்கிட்டு வாங்க. நான் கெளம்பிட்டேன்."

கையிலிருந்த செம்பைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினேன். ஜெபராஜ் அண்ணாச்சி போய்த் தன் லோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். உப்புக்காக வாதாடாததால் அவரை எனக்குப் பிடித்தது.

வண்டியில் முன்னால் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். நெத்திலி என் மடியில். அதன் தலை அத்தை கையில். நாயைத் தொட்டால் குளிக்கிற அத்தை.

"மருமகனே, ஒண்ணு சொல்லிருதேன். அந்த மாத்திர எனக்குச் சும்மா எறங்காது. தொண்டையிலயே நிக்கும். பழத்துக்குள்ள வச்சுத்தான் முழுங்குவேன். மீதிப் பழத்த தினமும் இதுக்குக் குடுப்பேன். அட்டைய எடுத்தா பழம் வரும்னு இது படிச்சுக்கிட்டு. அதான் எடுத்திருக்கு. ராத்திரியும் என் ரூமுலதான் படுக்கும். பொட்டிய நான் ஒசரத்துல வச்சிருக்கணும். வைக்கல. டாக்டரம்மா கேட்டா இதையும் சொல்லணும், இன்னைக்கு எடுத்து வச்ச வாழப்பழத்தோட போயிருக்கும்னு."

தன் பிழையைச் சொல்லும்போது குரல் தணியாத ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் ஆபீசில் ஒரு பெட்டி எண் மாறிவிட்டால் அது யார் கை என்று தெரிய ஒரு வாரம் ஆகும்.

நாங்கள் போனபோது டாக்டர் வந்துவிட்டிருந்தார். வெள்ளைப் பட்டுச்சேலை, மேஜையில் பாட்டுப்புத்தகம். வயது முப்பதுக்குள் இருக்கும். சேலை மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். "துடிப்பு இன்னும் கொறையல. அதனால வாந்தி எடுக்க வைக்கலாம். மயங்கின பிறகு வந்திருந்தீங்கன்னா முடியாது. நொரயீரலுக்குள்ள போயிரும்." ஊசி போட்டார். சிறிது நேரத்தில் நெத்திலி வாந்தி எடுத்தது. பழம், வெள்ளித்தாள், கரைந்தும் கரையாததுமாக மாத்திரைகள். டாக்டர் இடுக்கியால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நாலு அடையாளம் தெரியுது. மூணு தெரியல. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. ஆனா அந்த மூணு போதும், தொந்தரவு பண்ண." கரித்தூளைக் கரைத்துப் புகட்டினார். முன்காலில் டிரிப் ஏற்றினார்.

கம்பவுண்டர் சீட்டெழுத என் பெயர் கேட்டார். செந்தூர்பாண்டி என்றேன். நாயின் பெயர் கேட்டார். சொன்னதும் தலையைத் தூக்கி நெத்திலியை ஒரு பார்வை பார்த்தார்.

நண்பகலுக்கு மேல்தான் ஆரம்பித்தது. முதலில் வால் நின்றது. பிறகு தலை கீழே போனது. காதைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. டாக்டர் மறுபடி கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். இரண்டு ஊசி போட்டார். துடிப்பு கொஞ்சம் ஏறும், திரும்ப இறங்கும் என்றார். "சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான். யாராவது பக்கத்துலயே இருந்து நாடிய விடாம பாக்கணும். எறங்குச்சுன்னா ஒடனே என்னக் கூப்பிடணும். எனக்கு உள்ள ஒரு ஆட்டுக்குக் குட்டி திரும்பிக் கிடக்கு."

"எங்க தொட்டுப் பாக்கணும்னு காட்டிக் குடுங்க" என்றார் அத்தை.

பின்தொடையின் உள்பக்கம். டாக்டர் காட்டினார். அத்தை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு விரலை அங்கே வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்கோ தூரத்துக் குரலைப் பிடிக்கிறவர் மாதிரி இருந்தது. அப்படித்தான் முப்பது வருஷம் உட்கார்ந்திருப்பார் போல.

இரண்டு முறை டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு முறையும் அவர் கூப்பிட்டது சரி. டாக்டர் ரத்தக் கையோடு ஓடிவந்து ஊசி போட்டுவிட்டுப் போனார்.

"உங்களுக்கு எப்படி அத்தை அவ்வளவு கரெக்டா தெரியுது?"

"எனக்கும் அப்படித்தான இருந்துச்சு, மே மாசம்" என்றார். "படியில எறங்கும்போது ஒரு படி இல்லாம போனா எப்படி இருக்கும், அது மாதிரி. இதால வாயத் தொறந்து சொல்ல முடியல, அவ்வளவுதான்." பிறகு நெத்திலியின் காதுப் பக்கம் குனிந்து அந்த இஸ்திரிக் குரலில், "லைன்ல இரு தாயி. வச்சிராத" என்றார்.

நான் கிளினிக்குக்குப் பின்னால் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தேன். வெயில் அதிகம்.

திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். அத்தையின் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. விரல் நெத்திலியின் தொடையில் அசையாமல் இருந்தது. மற்றக் கை தன் நெஞ்சின் மேல் இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அத்தை, நீங்க இன்னைக்கு மாத்திர போட்டீங்களா?"

"போட இருந்தாத்தான."

"அந்த ரெண்டு?"

"அது நாய் எச்சி பட்டது. கவருல போட்டுக் குடுத்தாச்சுல்லா." பால் வாங்க மறந்துவிட்டேன் என்பது போலச் சொன்னார். "கொஞ்சம் படபடங்கு. வேற ஒண்ணுமில்ல. இது மொதல்ல நிலைக்கு வரட்டும்."

ஒரே அட்டை. ஒரு உயிருக்கு ஏழு மாத்திரை கூடுதலாகப் போய்விட்டது. இன்னொரு உயிருக்கு ஒன்று இல்லை. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது என்று மே மாதம் டாக்டர் என்னிடம்தான் சொன்னார். காலையிலிருந்து அது என் நினைவுக்கு வரவில்லை. அவருக்கு வந்திருக்கிறது. வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, தெருவில் இருந்த மருந்துக்கடை பூட்டிக்கிடந்தது. அடுத்ததும் பூட்டு. பெரியாஸ்பத்திரிக்கு எதிரே ஒன்று திறந்திருந்தது. சீட்டு போனில் படமாக இருந்தது, காட்டி வாங்கினேன். திரும்புகிற வழியில் பெட்டிக்கடையில் தொங்கிய பழத்தைப் பார்த்து அதையும் ஒன்று பிய்த்து வாங்கினேன்.

அத்தை பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாத்திரையை அதில் செருகி விழுங்கினார். டாக்டருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "நீங்க என்னம்மா பெரிய ஆளா? எழுந்து நாற்காலியில உக்காருங்க. இங்க ஒரு பேஷண்ட் போதும்" என்று அதட்டி, அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "வேகமாத்தான் ஓடுது. அரைமணி நேரம் அசையக்கூடாது. நெஞ்சு வலின்னா அந்த நிமிஷமே சொல்லணும், பெரியாஸ்பத்திரி பக்கந்தான்."

நாடி பார்க்கும் வேலை எனக்கு வந்தது. தரையில் உட்கார்ந்து விரலை வைத்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. வேறிடத்தில் வைத்தேன். இல்லை. நின்றுவிட்டதோ என்று கத்தப் போனேன்.

அத்தை நாற்காலியிலிருந்து குனிந்து என் விரல்களைப் பிடித்து, கொஞ்சம் உள்ளே நகர்த்தி, லேசாக அழுத்தினார்.

"இங்க" என்றார்.

இருந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா எங்களை விரட்டாத குறையாக வீட்டுக்கு அனுப்பினார். அத்தை ஓய்வெடுத்தே ஆகவேண்டும், கம்பவுண்டர் பார்த்துக்கொள்வார், தானும் மாடியில்தான் குடியிருப்பதாகச் சொன்னார். அத்தைக்குப் படபடப்பு அடங்கிவிட்டது. மனமில்லாமல் வந்தோம். இன்று விடிந்ததும் நான் இங்கே வந்துவிட்டேன்.

இப்போது உள்ளேயிருந்து கம்பவுண்டர் கூப்பிடுகிறார்.

அதே நாள், பிறகு

நெத்திலி தண்ணீர் குடித்தது. என் கையை நக்கியது. ஓடிப்போய் அத்தைக்குப் போன் செய்தேன். "துடிப்பு எவ்வளவுன்னு சொன்னாங்க?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன். "அப்ப சரி" என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

ஜூலை 23, புதன்

நெத்திலி வீட்டுக்கு வந்துவிட்டது. கரித்தூளால் வெளிக்குப் போவது தார் மாதிரி இருக்கிறது. முற்றத்தை அத்தைதான் கழுவினார், நான் பிடுங்கியும் விடவில்லை. எல்லா மாத்திரையும் இப்போது அலமாரி மேல்தட்டில், மூடிபோட்ட டப்பாவில். அத்தைக்கு எட்டவில்லை என்பதால் காலையில் நான்தான் எடுத்துத் தருகிறேன். மீதிப் பழத்தை இன்றும் நெத்திலிக்குத்தான் கொடுத்தார், என் முன்னாலேயே.

ஜூலை 26, சனி

நெத்திலியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். இருதயம் நன்றாக இருக்கிறது, எடையைத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு டாக்டர் அத்தையிடம், "அம்மா, கோயில்குட்டியார் இன்னும் உங்களப் பத்தியே சொல்லிக்கிட்டு இருக்காரு" என்றார். "உங்கள மாதிரி போன்ல பேசி நான் கேட்டதில்ல. எனக்கு வர்ற போன்ல பாதி அழுகை. என்ன தின்னுச்சு, எவ்வளவுன்னு விஷயத்த வாங்குறதுக்குள்ள நேரம் போயிருது. மறுபக்கம் நான் ஏதாவது மாட்டுக்குள்ள கையவிட்டுக்கிட்டு நிப்பேன். காலையில மட்டும் நீங்க வந்து போன் எடுக்க முடியுமா? உங்க உடம்புக்கு ஒத்துக்கிட்டா."

அத்தை யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிறகு கூடத்துக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆவணியில ஊருக்குப் போலாம்னு இருந்தேன். நீங்க என்ன சொல்லுதீங்க?"

என்ன சொல்வதென்று நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"அம்பாசமுத்திரத்துல இருந்து தினமும் வந்து போறது கஷ்டம் அத்தை."

அத்தை சிரித்துவிட்டார்.

ஜூலை 30, புதன்

கப்பல் மங்களூரில் எண்ணெய் நிரப்ப நின்றிருக்கிறது. சங்கரி பேசினாள். நான் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினேன். அத்தை போனை வாங்கி, நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொன்னார். இருதய டாக்டரிடம் தன்னைக் காட்டியதையும், கிளினிக்கில் காலை வேலை பார்க்க அந்த டாக்டர் சம்மதித்ததையும் சொன்னார். நடுவில் நான் மருந்து வாங்க ஓடியதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக எனக்குப் பட்டது. பெரியாஸ்பத்திரி அவ்வளவு தூரம் இல்லை.

சங்கரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

சங்கரி செவ்வாய்க்கிழமை வருகிறாள். வீடு பெருக்கி, ஒட்டடை அடித்தேன்.

அத்தை இன்று காலையும் கிளினிக் போனார். ஒருமணி தாண்டியும் வரவில்லை என்று நானே சோறும் தேங்காய்த் துவையலும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். வராந்தா நிறையக் கூட்டம். ஆடு, பூனை, கூண்டில் ஒரு கிளி. அத்தை மேஜையில் போனோடு இருந்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் அழுவது எனக்கே கேட்டது. பூனை கொசுவத்தியைத் தின்றுவிட்டதாம்.

"அழுங்க, பரவாயில்ல. நான் இங்கதான் இருக்கேன். அழுது முடிச்சுட்டு டப்பாவ மட்டும் கையில எடுங்க."

கூட்டத்துக்கு இடைஞ்சலாக நான் கதவோரமாக ஒண்டி நின்றுகொண்டிருந்தேன். அத்தை நிமிர்ந்து பார்த்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"செந்தூரு, ஏன் அங்க நிக்க? அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு. இதோ முடிச்சிருதேன்."

இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.